லாக் வியூவரில் எதற்கு அறிவிப்பு, எதற்கு மௌனம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஓடும் ஒரு சிஸ்டம் லாக் வியூவருக்கு (கணினி எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்புகளைக் காட்டும் நிரல்) அறிவிப்பு வசதி சேர்க்க வேண்டும், அந்த ஜன்னலையும் பயன்படுத்த எளிதாக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

அறிவிப்பிலிருந்து தொடங்குகிறேன். கெடுத்துக்கொள்ள அதிக வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. "எர்ரர் வரி வந்தால் ஓர் அறிவிப்பு" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வடிவம். அரை நாளில் எழுதிவிடலாம். பயனர் அரை நாளில் அதை அணைத்தும்விடுவார். அப்புறம் வட்டு பழுதாகும் அன்று வரும் உண்மையான எச்சரிக்கையும் அவரிடம் போய்ச் சேராது. ஒரே சம்பவம் 4 வரியும் எழுதும், 4,000 வரியும் எழுதும். பயனருக்கு அது ஒருமுறை தெரிந்தால் போதும். ஆகவே வரியை எண்ணாமல் சம்பவத்தை எண்ணுங்கள். கீழே வருவதில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவிலிருந்து பிறப்பதுதான்.

நிலை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்

லாக் எழுதுவதற்கான பழைய நெறியான சிஸ்லாக்கில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள்: எமர்ஜென்சி, அலர்ட், கிரிட்டிகல், எர்ரர், வார்னிங், நோட்டீஸ், இன்ஃபோ, டீபக். எண் சிறியதானால் ஆபத்து பெரியது. ஆனால் அந்த எண்ணைப் போடுவது நிரலை எழுதியவர். உங்கள் பயனருக்கு எது முக்கியம் என்று அவருக்குத் தெரியாது. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸ் ஒன்று ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலோ ஸ்டாண்டர்ட் எர்ரரிலோ எழுதுவதெல்லாம், வேறு அமைப்பு இல்லாவிட்டால், நிலை 6 ஆகவே சிஸ்டம்டியின் லாக் தொகுப்பான ஜர்னலில் விழும். ஒரு பைத்தான் நிரல் கவிழ்ந்து கக்கும் முழு டிரேஸ்பேக்கும் (எங்கே தவறியது என்ற விவரம்) "இன்ஃபோ" என்றுதான் பதிவாகும். மறுபக்கம், மதர்போர்டு ஃபர்ம்வேரின் ஏசிபிஐ அட்டவணைகளை (வன்பொருள், மின்சக்தி பற்றிய விவரங்கள்) குறை சொல்லி, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் கணினி பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் எர்ரர் வரிகள் எழுதும். அவற்றால் பெரும்பாலும் ஒரு தீங்கும் இல்லை. நிலை 3ஐயும் அதைவிடச் சிறிய எண்களையும் எல்லாம் அறிவித்தால் முன்னது தப்பிவிடும், பின்னது தொல்லை தரும்.

அதனால் விதிகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்.

முதல் வகை, ஒருமுறை நடந்தாலே சொல்ல வேண்டியவை. நினைவகம் தீர்ந்து கர்னல் ஒரு பிராசஸைக் கொன்றது, வட்டில் ஐ/ஓ பிழை, ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்று மாறியது, ஒரு சர்வீஸ் தோற்றது, ஒரு நிரல் கவிழ்ந்து கோர் டம்ப் (அப்போதைய நினைவகத்தின் நகல்) விட்டது. சர்வீஸ் தோல்வி, கோர் டம்ப் போன்றவற்றுக்கு ஜர்னலில் 128 பிட் மெசேஜ் ஐடி உண்டு. அதைப் பிடியுங்கள், வரியின் வாசகத்தைப் பிடிக்காதீர்கள். வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கர்னல் வரிகளுக்கு அந்த வசதி இல்லை, வாசகத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அப்போது "இந்த வரி கர்னல் வழியாக வந்தது" என்ற நிபந்தனையையும் சேர்த்தே வையுங்கள். இல்லாவிட்டால், லாக்கில் வரி எழுத உதவும் லாகர் கட்டளையில் "நினைவகம் தீர்ந்தது" என்ற அதே ஆங்கில வாசகத்தை எழுதி எந்தப் பயனரும் போலி எச்சரிக்கை எழுப்பலாம். ஜர்னலில் அடிக்கோட்டில் தொடங்கும் புலங்களை, ஜர்னலை எழுதும் நிரலான ஜர்னல்டியே நிரப்புகிறது. அனுப்பும் நிரல் அவற்றில் பொய் எழுத முடியாது. நம்பிக்கை தேவைப்படும் இடத்தில் அந்தப் புலங்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் வகை, எண்ணிக்கையால் செய்தியாகிறவை. ஒரு தவறான கடவுச்சொல் செய்தியே அல்ல. 5 நிமிடத்தில் 10 என்றால் பார்க்கலாம். ஆனால் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணையத்துக்குத் திறந்திருக்கும் கணினியில் அது நாள் முழுக்க நடக்கும். அங்கே தோல்விகளை விட்டுவிட்டு, பல தோல்விகளுக்குப் பின் அதே முகவரியிலிருந்து வெற்றி வந்தால் மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாம் வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வர வேண்டிய வரி வராமல் போவது. தினமும் இரவு பேக்கப் முடிந்ததாக ஒரு வரி எழுதப்பட வேண்டும். 26 மணி நேரமாக அது வரவில்லை என்றால் அதுவே சம்பவம். 24 என்று வைத்தால் வேலை பத்து நிமிடம் தாமதமாகும் நாளெல்லாம் பொய் எச்சரிக்கை வரும்.

சேர்ப்பது, காத்திருப்பது, வாயடைப்பது

ஒரே மாதிரியான வரிகளை ஒரு குழுவாக்க, மாறும் பகுதிகளை மறைத்து அச்சு (டெம்ப்ளேட்) ஒன்றை எடுக்க வேண்டும். சர்வீஸ் பெயர், நிலை, அச்சு ஆகிய மூன்றும் சேர்ந்தது குழுவின் அடையாளம். பிராசஸ் எண்ணை அதில் சேர்க்காதீர்கள்; சர்வீஸ் திரும்பத் திரும்ப எழுந்து விழும்போது ஒவ்வொரு முறையும் புதிய குழு பிறக்கும். மறைக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் யூயூஐடி (நீண்ட தனி அடையாளக் குறியீடு), அடுத்து ஐபி முகவரி, பிறகு ஹெக்ஸ் எண், கடைசியில் சாதாரண எண். எண்ணை முதலில் மறைத்தால் யூயூஐடி துண்டுதுண்டாகி, ஒவ்வொன்றும் தனி அச்சாக நிற்கும். தனித்து நிற்கும் எண்களை மட்டும் மறையுங்கள். சொல்லுக்குள் இருக்கும் எண்ணையும் மறைத்தால் இரண்டு என்விஎம்இ வட்டுகள் ஒரே வட்டாகத் தெரியும். எச்டிடிபி நிலை எண்களுக்கும் விதிவிலக்கு வேண்டும். 404ம் 500ம் ஒரே சம்பவம் அல்ல.

குழுவின் முதல் வரி வந்ததும் உடனே கத்தாமல் 5 முதல் 10 வினாடி காத்திருங்கள்; பெரும்பாலும் அதற்குள் மற்ற வரிகளும் வந்துவிடும். பிறகு ஒரே அறிவிப்பு. சர்வர் உலகில் புரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியின் அலர்ட்மேனேஜர் இயல்பாக 30 வினாடி காத்து, குழுவில் மாற்றமிருந்தால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, தீராததை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்டுகிறது. டெஸ்க்டாப்பில் முதல் காத்திருப்பைக் குறைக்கலாம். மற்ற இரண்டும் அப்படியே பொருந்தும்.

எண்ணிக்கை கூடினால் புதிய அறிவிப்பு போடாமல் பழையதையே மாற்றுங்கள். லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொதுவான ஃப்ரீடெஸ்க்டாப் அறிவிப்பு நெறியில் நோட்டிஃபை அழைப்பின் இரண்டாவது அளபுரு இதற்காகவே இருக்கிறது: முன்பு கிடைத்த ஐடியைக் கொடுத்தால் அதே அறிவிப்பு புதுப்பிக்கப்படும். அறிவிப்பு மூடப்பட்ட சிக்னலையும் கேளுங்கள், அதில் காரண எண் வரும். 1 என்றால் நேரம் முடிந்து மறைந்தது. ஆள் இருக்கையில் இல்லாமல் இருந்திருக்கலாம், ஆகவே வியூவரில் "படிக்காதது" என்று வைத்திருங்கள். 2 என்றால் பயனரே மூடினார். அந்தக் குழுவை ஒரு மணி நேரமாவது எழுப்பாதீர்கள், நிலை மோசமானால் ஒழிய. இந்த இரண்டையும் ஒன்றாக நடத்தும் நிரல்தான் "எத்தனை தடவை மூடினாலும் வருகிறது" என்ற புகாரை வாங்கும்.

குழுவாக்கிய பிறகும் மொத்தத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். ஆலைக் கட்டுப்பாட்டு அறைகளுக்கான இஇஎம்யூஏ 191 வழிகாட்டி, ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஓர் அலாரம் வரை தாங்கும் என்கிறது. 10 நிமிடத்தில் 10ஐத் தாண்டினால் அத்துறையில் அது அலார வெள்ளம். அலாரம் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவருக்கான அளவு இது. வேறு வேலையில் இருக்கும் டெஸ்க்டாப் பயனருக்கு 10 நிமிடத்தில் 3 என்று வைத்து, அதைத் தாண்டினால் "7 சர்வீஸ்களில் சிக்கல்" என்று ஒன்றாக மடக்குங்கள். மடக்கும்போது முதலில் நடந்ததை மேலே காட்டுங்கள், கர்னல் வரி இருந்தால் அதற்கு முன்னுரிமை. வட்டு நிரம்பினால் பத்து சர்வீஸ்கள் வரிசையாக அழும், காரணம் ஒன்றுதான்.

கணினி பூட் ஆன முதல் 2 நிமிடத்துக்கு முதல் வகையைத் தவிர மற்றவற்றை அடக்கிவையுங்கள். தூக்கத்திலிருந்து எழும் கணினிக்கும் அரை நிமிடம் கொடுங்கள்; நெட்வொர்க் வருவதற்குள் பல நிரல்கள் புலம்பிவிடும்.

ஒரு பொறி: அறிவிப்பு அனுப்புவது தோற்றால் உங்கள் நிரல் அதையும் லாக்கில் எர்ரராக எழுதும், அந்த எர்ரருக்கு அறிவிப்பு எழும், அதுவும் தோற்கும். சில நொடிகளில் சுழல் ஜர்னலை நிரப்பத் தொடங்கும். உங்கள் சொந்த யூனிட்டின் (சிஸ்டம்டி நிர்வகிக்கும் அலகு) வரிகளையும், அறிவிப்பைத் திரையில் காட்டும் பின்னணி நிரலான அறிவிப்பு டீமனின் வரிகளையும் விதிகளுக்குள் நுழையவே விடாதீர்கள்.

அறிவிப்பில் என்ன எழுதுவது

தலைப்பில் எது, என்ன ஆனது: "தபால் சர்வீஸ் நின்றுவிட்டது". உடலில் எத்தனை முறை, எப்போதிலிருந்து, மாதிரிக்கு ஒரு வரி. அந்த மாதிரி வரி நம்பத்தகாத உள்ளீடு என்பதை மறக்க வேண்டாம். வெளியிலிருந்து வரும் பயனர்பெயர்கூட லாக்கில் அப்படியே விழுகிறது. அறிவிப்பின் உடல் மார்க்அப் ஏற்கும் என்பதால் ஆங்கிள் பிராக்கெட்டையும் ஆம்பர்சாண்டையும் எஸ்கேப் செய்யுங்கள். எஸ்கேப் எழுத்து உள்ளிட்ட கட்டுப்பாட்டு எழுத்துகளையும், எழுத்துத் திசையைத் திருப்பும் யூனிகோட் குறிகளையும் நீக்குங்கள். 200 எழுத்தில் வெட்டுங்கள். லாக் வரிகளில் டோக்கன், கடவுச்சொல் எல்லாம் கசிவது வழக்கம், அறிவிப்பு பூட்டுத் திரையிலும் தெரியலாம். மாதிரி வரியைக் காட்டுவதைத் தனி அமைப்பாக, இயல்பில் அணைத்தே வைப்பேன்.

பொத்தான்கள் இரண்டு போதும்: "காட்டு", "ஒரு மணி நேரம் அடக்கு". "சர்வீஸை மறுபடி தொடங்கு" என்று மூன்றாவது வைக்க ஆசை வரும், வேண்டாம். காரணத்தைப் பார்க்காமல் அழுத்தப்படும் பொத்தான் அது. எல்லா டெஸ்க்டாப்பும் பொத்தான்களை ஏற்பதில்லை; திறன்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு அனுப்புங்கள். அவசர நிலை 0, 1, 2 என மூன்று. 2 தானாக மறையக் கூடாது என்பது நெறி. அதை வட்டுப் பிழைக்கும் படிக்க மட்டுமான ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒதுக்குங்கள், தோற்ற சர்வீஸுக்கு 1 போதும்.

"காட்டு" அழுத்தினால் வியூவரின் முதல் பக்கத்தைத் திறப்பது பாதி வேலைதான். அந்த வரியிலேயே போய் நிற்க வேண்டும், சுற்றிலும் மற்ற சர்வீஸ்களின் வரிகளும் தெரிய வேண்டும். காரணம் பெரும்பாலும் வேறொரு சர்வீஸின் வரியில், சில வினாடி மேலே இருக்கும். பயனர் ஏற்கெனவே ஒரு வடிகட்டியோடு வேலை செய்துகொண்டிருந்தால் அதைக் கலைக்காமல் புதிய தாவலில் திறங்கள். ஜர்னல் இயல்பாக ஃபைல் சிஸ்டத்தின் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி வரைதான் இடம் எடுக்கும், பழையது அழியும். ஆகவே சம்பவத்தைப் பதியும்போதே முன்னும் பின்னும் 30 வரிகளை நகலெடுத்து வையுங்கள், திங்கட்கிழமை வந்து பார்ப்பவருக்கு வெற்றுப் பக்கம் கிடைக்காது.

படிக்கும் பகுதி

கண்காணிப்பதையும் ஜன்னலையும் தனித்தனி பிராசஸ்களாக வையுங்கள். ஜன்னல் மூடியிருந்தாலும் அறிவிப்பு வர வேண்டும். எதையும் ரூட்டாக ஓட்டத் தேவையில்லை, சிஸ்டம்டி-ஜர்னல் குழுவில் பயனர் இருந்தால் போதும். அவர் குழுவில் இல்லாவிட்டால் தன் சொந்த வரிகள் மட்டும் தெரியும். அதைத் திரையில் சொல்லியாக வேண்டும். அனுமதி இல்லாததால் காலியாக இருக்கும் பட்டியல் "பிழைகள் இல்லை" என்று சொல்வதைப் போல ஆபத்தான பொய் ஒரு லாக் வியூவரில் வேறில்லை.

கடைசியாகப் படித்த வரியின் கர்சரை (ஜர்னலில் அந்த வரியின் இட அடையாளம்) சேமியுங்கள். அதன் உள்வடிவத்தைப் பிரிக்க முயலாமல் அப்படியே சரமாக வையுங்கள். அடுத்த முறை தொடங்கும்போது இடைப்பட்ட வரிகளுக்கெல்லாம் அறிவிப்பு வீசாமல் ஒரே தொகுப்பாகச் சொல்லுங்கள். ஜர்னலின் வாலுக்குத் தாவிய உடனே "அடுத்தது" என்று கேட்பது பழைய வழு. வாலுக்குப் போய் ஒரு "முந்தையது" அழைத்த பிறகே காத்திருக்கத் தொடங்க வேண்டும். காத்திருப்பு திரும்பும்போது "சேர்ந்தது" என்பதோடு "செல்லாததானது" என்றும் விடை வரலாம். ஜர்னல் ஃபைல்கள் சேர்க்கப்பட்டோ நீக்கப்பட்டோ இருக்கும்போது அப்படி வரும். அப்போது பட்டியலைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

சாதாரண உரை ஃபைல்களுக்கு, பழைய லாக்கை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் லாக்ரொட்டேட்தான் எதிரி. பெயர் மாற்றிப் புதியது உருவாக்கும் முறையில் ஐநோடு (ஃபைல் சிஸ்டத்தில் ஃபைலின் அடையாள எண்) மாறும். பழையதைக் கடைசி வரை படித்துவிட்டுப் புதியதுக்குப் போங்கள். நகலெடுத்துச் சுருக்கும் முறையில் ஐநோடு மாறாது. ஃபைலின் அளவு நீங்கள் படித்து நிற்கும் இடத்தைவிடக் குறைந்துவிட்டால் ஃபைலின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். வரிமுடிவு வராத பாதி வரியைக் காட்டாதீர்கள்.

ஜர்னல்டி இயல்பாக ஒரு சர்வீஸிடமிருந்து 30 வினாடிக்கு 10,000 வரிகளுக்கு மேல் ஏற்காது. வட்டில் இடம் தாராளமாக இருந்தால் இந்த வரம்பு பெருகும். மீறினால் மீதியை விட்டுவிட்டு, எத்தனை விடப்பட்டன என்று ஒரு வரி எழுதும். அந்த வரியைப் பிடித்து, எண்ணிக்கைக்கு முன்னால் "குறைந்தது" என்று சேர்த்துக் காட்டுங்கள்.

ஜன்னல்

பயனரை அதிகம் எரிச்சலூட்டுவது ஸ்க்ரோல். படித்துக்கொண்டிருக்கும் வரி புதிய வரிகளால் நழுவிப் போகக் கூடாது. பட்டியலின் அடியில் இருக்கும்போது மட்டும் தானாக நகரட்டும். ஒரு வரி மேலே போனாலும் நிறுத்தி, கீழே "38 புதிய வரிகள்" என்ற பட்டையைக் காட்டுங்கள். எண்ட் விசை மறுபடி அடிக்குக் கொண்டுபோகட்டும். பின்னணியில் பழைய வரிகள் மேலே ஏற்றப்படும்போதும் கண் பார்க்கும் வரி அசையக் கூடாது, அதைப் பலர் சோதிப்பதில்லை.

வரிகளை வந்தபடி வரையாமல் 100 மில்லிவினாடிக்கு ஒரு தொகுப்பாகச் சேருங்கள். திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டும் விட்ஜெட் உருவாக்குங்கள். லட்சம் வரிகள் இருந்தாலும் ஓடும். தொடர்ந்து வரும் ஒரே வரியை "214 முறை" என்று மடக்கலாம், ஆனால் முதல் நேரமும் கடைசி நேரமும் தெரிய வேண்டும். பல வரி டிரேஸ்பேக்கை ஒரே பதிவாக மடக்கி, விரித்தால் முழுதும் காட்டுங்கள்.

தேடல் வேறு, வடிகட்டல் வேறு. தேடல் மற்ற வரிகளை மறைக்காமல் பொருத்தங்களுக்குத் தாவ வேண்டும். வடிகட்டி மறைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் திணித்தால் சூழல் வரிகள் காணாமல் போகும். வடிகட்டி இயங்கும்போதெல்லாம் "12,400 வரிகள் மறைந்துள்ளன" என்று எங்காவது தெரியட்டும். நேற்று போட்ட வடிகட்டியை மறந்துவிட்டு "லாக்கே வரவில்லை" என்று தேடுவது அன்றாடம் நடப்பது. யூனிட், நிலை, பூட் போன்ற புலங்களுக்கு ஜர்னலில் இன்டெக்ஸ் உண்டு. வாசகத்தின் நடுவில் தேட ஒவ்வொரு வரியாகப் படித்தாக வேண்டும். ஆகவே முதலில் புலத்தால் சுருக்கி, பிறகு வாசகத்தில் தேடுங்கள். தட்டச்சு நின்று 250 மில்லிவினாடி கழித்துத் தொடங்குங்கள், ரத்து செய்ய எஸ்கேப் விசை கொடுங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொடுப்பதானால் ஆர்இ2 போல நேர்கோட்டு நேரத்தில் முடியும் எஞ்சின் நல்லது. பின்வாங்கித் தேடும் எஞ்சினில் ஒரு மோசமான தேடல் வடிவம் ஜன்னலை உறைய வைத்துவிடும்.

"5 நிமிடம் முன்பு" என்ற நேரம் லாக்கில் உதவாது. முழு நேரத்தையும் மில்லிவினாடியோடும் நேர மண்டலத்தோடும் காட்டி, யூடிசிக்கு மாற்ற ஒரு பொத்தான் வையுங்கள். ஆர்எஃப்சி 3164 வடிவில் வரும் பழைய சிஸ்லாக் வரியில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. ஜனவரியில் டிசம்பர் வரியைப் படித்தால் எதிர்காலமாகத் தோன்றும். ஒரு நாளுக்கு மேல் எதிர்காலமாக வந்தால் ஓர் ஆண்டைக் கழியுங்கள். பேட்டரி கடிகாரம் இல்லாத சிறு போர்டுகளில் பூட் ஆகும் நடுவில் நேரம் தாவும். ஒரே பூட்-க்குள் மோனோடோனிக் நேரத்தால் (பின்னோக்கிப் போகாத கடிகாரம்) வரிசைப்படுத்தி, தாவிய இடத்தில் "கடிகாரம் மாறியது" என்று ஒரு கோடு போடுங்கள்.

நிறத்தை மட்டும் வைத்து நிலையைச் சொல்லக் கூடாது; சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் நிறையப் பேர். குறி அல்லது ஓரெழுத்துச் சுருக்கம் கூடவே இருக்கட்டும், எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 மாறுபாடு இருக்கட்டும். முழு வரிக்கும் சிவப்பு பூசாமல் இடப்பக்கம் ஒரு பட்டை போதும். வெப் இடைமுகம் என்றால் பட்டியலுக்கு "லாக்" என்ற ஏரியா ரோல் (ஸ்க்ரீன் ரீடருக்கான குறிப்பு) கொடுங்கள்; ஸ்க்ரீன் ரீடர் பேச்சை இடைமறிக்காமல் வாசிக்கும். வேகமாக ஓடும்போது அதை நிறுத்தவும் வழி வேண்டும்.

நகலெடுத்தால் திரையில் வெட்டிக் காட்டிய வடிவம் வராமல் முழு நேரம், யூனிட், முழு வாசகம் என்று உரையாக வர வேண்டும். உதவி கேட்டு ஒட்டுவதற்குத்தான் பெரும்பாலோர் நகலெடுக்கிறார்கள்.

சோதிக்க நான்கு வேலைகள் போதும். உடனே தோற்கும் ஒரு சர்வீஸைத் தற்காலிகமாக ஓட்டி, ஓர் அறிவிப்பு மட்டும் வருகிறதா என்று பாருங்கள். லாகரைச் சுழலில் போட்டு, உங்கள் கணினியில் ஜர்னல்டியின் வரம்பைத் தாண்டும் அளவுக்கு வரிகள் எழுதி, ஜன்னல் உறைகிறதா, விடப்பட்ட எண்ணிக்கை தெரிகிறதா என்று பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜர்னலைச் சுழற்றி, வரி விடுபடுகிறதா, இரட்டிக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கடைசியாக, அறிவிப்பு டீமனைக் கொன்றுவிட்டு எர்ரர்களை எழுதுங்கள். மேலே சொன்ன சுழல் உங்கள் நிரலில் இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.